பிளவுகளும் தகைப்பும்: வட அனத்தோலியப் பிளவு பற்றிய ஆய்வும் அதன் சமூகப் பொருளும்

புவிநடுக்கம் இன்ன நாளில் நிகழும் என்று அறுதியிட்டுக் கூறும் ஆற்றல் இன்றுவரை எந்த விஞ்ஞானிக்கும் வாய்க்கவில்லை. எனினும் அது எங்கே நிகழக்கூடும், எத்துணை வலிமை உடையதாயிருக்கும், அடுத்துவரும் சில பத்தாண்டுகளில் நிகழ்வதற்கான வாய்ப்பு எவ்வளவு என்னும் வினாக்களுக்குப் புவிப்பௌதிகவியல் ஓரளவு விடையளிக்கத் தொடங்கியுள்ளது. அவ்விடை பெறப்படும் முறையையும், பெற்ற விடையைச் சமூகம் எவ்வாறு கையாளுகின்றது என்பதையும், துருக்கியின் வட அனத்தோலியப் பிளவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் நோக்குவோம்.

முதலில் பிளவு என்பதன் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். புவியின் மேற்பகுதி பல பெருந்தகடுகளாகப் பிரிந்துள்ளது. அவை ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் அளவில் ஒன்றையொன்று விலகியும், முட்டியும், உரசியும் நகர்கின்றன. தகடுகளின் எல்லைகளில் பாறைகள் உடைந்து உண்டான நீண்ட வெட்டுக்களே பிளவுகள். பிளவின் இருபுறத்துப் பாறைகளையும் உராய்வு இறுகப் பிணைத்து வைத்திருக்கின்றது. தொலைவிலுள்ள நிலம் இடைவிடாது நகர, பிளவையடுத்த நிலமோ நகர மாட்டாது வளைந்து விகாரமடைகின்றது. இவ்வாறு சேரும் தகைப்பு உராய்வின் தடையை விஞ்சும்போது, நூற்றாண்டுக்கணக்கில் தடைப்பட்டிருந்த நகர்வு சில விநாடிகளில் அல்லது நிமிடங்களில் நடந்தேறுகின்றது. அதனையே நாம் புவிநடுக்கமாக உணர்கின்றோம்.

இக்கருத்தை ஆதாரங்களுடன் நிறுவியவர் ஐக்கிய அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி பீல்டிங் ரீட் ஆவார். 1906 ஏப்ரல் 18 இல் சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்த நடுக்கத்தின் பின்னர், அப்பகுதியில் முந்திய அரை நூற்றாண்டில் மேற்கொள்ளப்பட்ட நில அளவைகளைப் புதிய அளவைகளுடன் அவர் ஒப்பிட்டார். நடுக்கத்துக்கு முன்னரே நிலம் மெல்ல வளைந்து வந்திருந்தமையும், நடுக்கத்தின்போது பிளவின் இருபுறமும் எதிரெதிர்த் திசைகளிற் பாய்ந்து அவ்வளைவு நீங்கியமையும் புலனாயின. 1910 இல் அவர் வெளியிட்ட இவ்விளக்கம் மீள்தன்மை மீட்சிக் கொள்கை எனப்படுகின்றது. 2004 டிசெம்பர் 26 இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தகட்டெல்லை இவ்வாறு திடீரென மீண்டதன் விளைவையே எமது கரையோர மக்கள் ஆழிப்பேரலையாக அனுபவித்தனர்.

வட அனத்தோலியப் பிளவு துருக்கியின் கிழக்கிலுள்ள கார்லியோவாப் பகுதியிலிருந்து மேற்கே மர்மராக் கடலினூடாக ஏஜியன் கடல்வரை, ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கின்றது. அராபியத் தகடு வடக்கே நகர்ந்து யூரேசியத் தகட்டை நெருக்குவதால், இடைப்பட்ட அனத்தோலியா மேற்கு நோக்கித் தள்ளப்படுகின்றது. இது கிடையாக நகரும் பெரும்பிளவு என்பதை 1948 இல் துருக்கியப் புவிச்சரிதவியலாளர் இஹ்சான் கெட்டின் எடுத்துக்காட்டினார். இந்நகர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 சென்ரிமீற்றர் எனச் செய்மதி அளவைகள் பிற்காலத்தில் உறுதிப்படுத்தின.

இப்பிளவின் வரலாற்றில் ஒரு தனித்தன்மை உண்டு. 1939 டிசெம்பரில் கிழக்கே ஏர்சின்ஜான் நகரில் பருமன் 7.8 கொண்ட நடுக்கம் ஏறத்தாழ 33,000 உயிர்களைக் கொண்டது. அதன்பின் 1942, 1943, 1944, 1957, 1967 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த பெருநடுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கு நோக்கி நகர்ந்து சென்றன. இது தற்செயலா, அன்றேல் ஒன்று மற்றொன்றைத் தூண்டியதா?

இவ்வினாவை ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த புவிப்பௌதிகவியலாளர் றொஸ் ஸ்ரைன், துருக்கிய அறிஞர் அய்குத் பார்க்கா, ஜேம்ஸ் டீற்றரிக் ஆகியோர் ஆராய்ந்தனர். பிளவின் ஒரு பகுதி நழுவும்போது அங்கிருந்த தகைப்பு தணிகின்றது. ஆயின் அது முழுவதும் மறைந்துவிடுவதில்லை. அதன் ஒரு பகுதி நழுவிய துண்டின் இரு முனைகளுக்கும் அப்பாற் சென்று சேர்கின்றது. ஓரிடத்திற் தையல் விட்டுப்போன சாக்கில், பாரம் முழுவதும் அடுத்த தையலில் ஏறுவதை இதற்கு உவமையாகக் கூறலாம். பிளவின் வழியே தள்ளும் விசை கூடினும், இருபுறப் பாறைகளையும் நெருக்கும் விசை குறைந்தாலும், அப்பகுதி உடைவை அண்மிக்கின்றது. இவ்விரண்டையும் சேர்த்துக் கணித்தபோது, 1939 முதல் 1992 வரை நிகழ்ந்த பத்துப் பெருநடுக்கங்களில் ஒன்பது, முந்திய நடுக்கங்களால் தகைப்பு மிகுந்த இடங்களிலேயே நிகழ்ந்தமை தெரியவந்தது. அம்மிகுதி பெரும்பாலும் 1 முதல் 10 பார் வரையானது. மோட்டார் வாகனச் சில்லொன்றின் அமுக்கம் ஏறத்தாழ 2 பார் என்பதை எண்ணினால், இது எத்துணைச் சிறிய அளவு என்பது விளங்கும். ஆனால் உடையும் தறுவாயிலுள்ள பிளவுக்கு அச்சிறிய அளவே போதுமானதாயிற்று.

1997 இல் வெளியான இவ்வாய்வு, தகைப்பு மிகுந்திருந்த இடங்களுள் ஒன்றாக மேற்கிலுள்ள இஸ்மித் துறைமுக நகரின் தென்புறத்தைக் குறிப்பிட்டது. அங்கே முப்பது ஆண்டுகளுள் பெருநடுக்கம் நிகழ்வதற்கான நிகழ்தகவு 12 சதவீதம் என மதிப்பிட்டது. இரண்டு ஆண்டுகளின் பின், 1999 ஆகஸ்ட் 17 அதிகாலையில், மக்கள் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் இஸ்மித் நடுங்கியது. அரசாங்கக் கணக்கின்படியே 17,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். நவெம்பர் 12 இல் அதற்குக் கிழக்கே டூஸ்ஜே நகர் நடுக்கத்துக்குள்ளாயிற்று.

இதனை எதிர்வுகூறல் என்று போற்றுவது பொருந்தாது. 12 சதவீதம் என்பது நிகழாதிருக்கும் வாய்ப்பே மிகுதி என்பதையும் உணர்த்துகின்றது. அதே ஆய்வு ஏர்சின்ஜானுக்குக் கிழக்கே 15 சதவீத நிகழ்தகவைக் கணித்திருந்தது. எனினும் முதலில் நடுங்கியது இஸ்மித்தே. கலிபோர்ணியாவின் பார்க்பீல்ட் கிராமமும் இவ்வகையில் ஒரு பாடமாகும். அங்கே 1857 முதல் 1966 வரை ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடுக்கம் நிகழ்ந்து வந்தமையால், அடுத்தது 1993 க்கு முன் நிகழும் என 1985 இல் அறிவிக்கப்பட்டது. அது நிகழ்ந்ததோ 2004 செப்ரெம்பரில். இடமும் பருமனும் பொருந்தின, காலம் பொய்த்தது. புவிப்பௌதிகவியலின் வலிமையும் வரம்பும் இவ்வொரு நிகழ்ச்சியில் ஒருங்கே வெளிப்படுகின்றன.

இஸ்மித்துக்கு மேற்கே, மர்மராக் கடலின் அடியிற் செல்லும் பிளவுப்பகுதி இஸ்தான்புல் நகருக்கு மிக அண்மையிலுள்ளது. அங்கே 1766 இன் பின் பெருநடுக்கம் நிகழவில்லை. அப்பகுதி முற்றாகப் பூட்டுண்டிருப்பின், ஆண்டுக்கு 2 சென்ரிமீற்றர் வீதம் ஏறத்தாழ 5 மீற்றர் நகர்வு அங்கே தேங்கியிருத்தல் வேண்டும். 2000 ஆம் ஆண்டில் ஸ்ரைன், பார்க்கா முதலியோர் இணைந்து வெளியிட்ட மற்றோர் ஆய்வு, முப்பது ஆண்டுகளுள் இஸ்தான்புல் கடுமையாகக் குலுங்குவதற்கான நிகழ்தகவை 62 சதவீதம் என மதிப்பிட்டது. 15 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதையும் அவர்கள் உடன் குறிப்பிட்டனர். 2025 ஏப்ரல் 23 இல் மர்மராக் கடலில் நிகழ்ந்த நடுக்கத்தின் பருமன் 6.2 ஆகும். பருமன் 7.4 கொண்ட நடுக்கம் அதைப்போல் அறுபது மடங்கு சக்தியை வெளியிடும். ஆதலால் தேங்கிய தகைப்பு தீர்ந்துவிட்டதென ஆறுதல் கொள்வதற்கில்லை.

இங்கேதான் பிரச்சினை விஞ்ஞானத்தின் எல்லையைக் கடந்து சமூகத்தின் எல்லையுட் புகுகின்றது. புவிநடுக்கத்தில் மக்களைப் பெரும்பாலும் கொல்வது அவர்கள் வாழும் கட்டடங்களே. 2010 சனவரியில் ஹெயிற்றியில் பருமன் 7.0 கொண்ட நடுக்கத்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதம் சிலியில் அதைப்போல் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு சக்தி வாய்ந்த, பருமன் 8.8 கொண்ட நடுக்கத்தில் மாண்டோர் ஏறத்தாழ 500 பேர். மையத்தின் தூரமும் ஆழமும் இவ்வேறுபாட்டுக்கு ஓரளவு காரணமாயினும், கட்டட விதிகள் சிலியில் நடைமுறைப்படுத்தப்பட்டமையும் ஹெயிற்றியின் வறுமையுமே முதன்மைக் காரணங்களாகும்.

துருக்கியின் அனுபவம் இதனை மேலும் தெளிவாக்குகின்றது. இஸ்மித் அழிவின்பின் கட்டட விதிகள் இறுக்கப்பட்டன. ஆனால் விதிகள் தாளில் இருப்பது வேறு, சுவரில் இருப்பது வேறு. 2018 இல் அந்நாட்டு அரசாங்கம், அனுமதியின்றி எழுப்பப்பட்ட கட்டடங்களைக் கட்டணம் பெற்றுச் சட்டபூர்வமாக்கியது. 2023 பெப்ரவரி 6 இல் கிழக்கு அனத்தோலியப் பிளவுப் பகுதி இருமுறை நடுங்கியபோது, துருக்கியில் மாத்திரம் 50,000 க்கு மேற்பட்டோர் இறந்தனர். சிரியாவிலும் பல்லாயிரவர் மடிந்தனர். அப்பிளவு ஆய்வாளர் அறியாத ஒன்றன்று. அறியப்பட்ட அபாயத்துக்கு எதிராகச் செய்யவேண்டியவை செய்யப்படாது போயின என்பதே உண்மை.

ஆகவே நிகழ்தகவு என்னும் எண்ணை நாம் ஆரூடமாகக் கொள்ளலாகாது. எந்த நகரில், எந்தக் கட்டடங்களை, எவ்வளவு விரைவில் வலுப்படுத்த வேண்டும் என்பதற்கான முன்னுரிமைப் பட்டியலாகவே அதனைக் கொள்ளல் தகும். இஸ்தான்புல்லில் 2006 முதல் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் வலுப்படுத்தப்பட்டும் மீளக் கட்டப்பட்டும் வருகின்றமை, அறிவு செயலாக மாறக்கூடும் என்பதற்குச் சான்று. ஆயினும் பழைய அடுக்குமாடி வீடுகளில் வாழும் எளிய மக்களுக்கு வேறிடம் தேடவோ சுவர்களை வலுப்படுத்தவோ வசதியில்லை. அச்செலவைச் சமூகம் பொதுவாக ஏற்குமா என்னும் வினாவுக்கு விடையளிக்க வேண்டியவர்கள் புவிப்பௌதிகவியலாளர் அல்லர். அது அரசாங்கத்தினதும் மக்களினதும் பொறுப்பாகும்.