தைத்துச் சேர்த்த தொடர்கதைகள்

வார இதழில் வரும் தொடர்கதையை அத்தியாயம் அத்தியாயமாகக் கழற்றி வைத்து, கதை முடிந்ததும் தைத்து அட்டை போட்டுக்கொள்வது இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் வீடுகளில் பரவலாக இருந்த வழக்கம். 'பைண்டு பண்ணிய புத்தகம்' என்றாலே பலருக்கு நினைவு வருவது இதுதான். வாசகர்கள் தங்கள் கையாலேயே செய்துகொண்ட புத்தகம் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

எழுத்தாளர் கல்கி 1941இல் தொடங்கிய 'கல்கி' இதழில், அவரது 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரிலிருந்து 1954 வரை மணியத்தின் ஓவியங்களுடன் வெளிவந்தது. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' கோபுலுவின் சித்திரங்களோடு வந்தது. குமுதத்தில் சாண்டில்யனின் 'கடல் புறா'வுக்கு லதா வரைந்தார். 'பொன்னியின் செல்வன்' நாயகன் வந்தியத்தேவனின் முகம் எப்படியிருக்கும் என்பதை வாசகர் மனத்தில் பதித்ததில் எழுத்துக்கு நிகராக ஓவியத்துக்கும் பங்கு உண்டு. இந்தக் கதைகள் பின்னர் நூலானபோது பல பதிப்புகளில் ஓவியங்கள் இடம்பெறவில்லை. வாசகர் தைத்து வைத்த பிரதியில் மட்டும் கதையும் படமும் பிரியாமல் இருந்தன.

வேலை பொறுமையைக் கேட்கும். இதழின் நடுவில் உள்ள பின்னை நிமிர்த்தினால் தாள்கள் தனித்தனியே வந்துவிடும். ஆனால் ஒரு தாளின் ஒரு பாதியில் தொடர்கதை இருந்தால், மறு பாதியில் சமையல் குறிப்போ சினிமா விமரிசனமோ இருக்கும். எனவே மடிப்பில் வெட்டி, வேண்டிய பாதியை மட்டும் எடுக்க வேண்டும். ஒரே ஏட்டின் முன்பக்கம் ஒரு தொடரும் பின்பக்கம் இன்னொரு தொடரும் வந்துவிட்டால் சிக்கல்தான்: இன்னொரு பிரதி வாங்க வேண்டும், அல்லது ஒரு கதையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

மடிப்பு போய்விட்ட ஒற்றை ஏடுகளை நடுவில் தைக்க முடியாது. அதனால் அவற்றை வரிசையாக அடுக்கித் தட்டிச் சமன்செய்து, இடது ஓரத்தில் கோணூசியால் துளையிட்டு, முறுக்கு நூலைக் கோத்து இறுக்குவார்கள். மைதா மாவைக் காய்ச்சிய பசையில் பூச்சி அரிக்காமலிருக்கச் சிறிது மயில்துத்தம் கலப்பது உண்டு. மேலே பழைய காலண்டர் அட்டை, முதுகில் காலிகோ துணி. ஆசையோடு செய்பவர்கள் இதழின் வண்ணப்படம் ஒன்றை வெட்டி முகப்பில் ஒட்டுவார்கள். பைண்டரிடம் கொடுத்தால் மூன்று ஓரங்களையும் சீராக வெட்டித் தருவார். சில சமயம் கத்தி எழுத்தையும் கொஞ்சம் தின்றுவிடும். பக்கவாட்டுத் தையல் என்பதால் உள்ஓர வரிகளைப் படிக்கப் புத்தகத்தை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கதையோடு கதையாக வேறு பலவும் உள்ளே வந்துவிடும். பக்கத்தின் அடியில் ஒரு துணுக்கு, ஓரத்தில் சோப்பு விளம்பரம், பின்பக்கத்தில் வேறொரு சிறுகதையின் பாதி. அன்றைய வாசகருக்கு வேண்டாத இவைதான் இன்று அந்தக் காலத்தின் விலைவாசியையும் ரசனையையும் காட்டுகின்றன. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் வரும் 'தொடரும்' என்ற சொல், கதை வாரக்கணக்கில் காத்திருந்து படிக்கப்பட்டது என்பதற்குச் சான்று.

இத்தகைய அச்சுச் செல்வத்தின் அருமையை உணர்ந்து சேர்த்தவர்களில் தலையாயவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. 1992இல் அவர் மறைந்த பிறகு, அவரது நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது.

வீடுகளில் எஞ்சியிருக்கும் பிரதிகளுக்குப் பெரிய எதிரி காகிதமேதான். மலிவான செய்தித்தாள் ரகக் காகிதத்தில் உள்ள அமிலம் அதைப் பழுப்பாக்கி, தொட்டால் உதிரும்படி செய்துவிடுகிறது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் அதன் பசை கறையாகி எழுத்தைக் கெடுக்கும். மெல்லிய தாளை மாவுப் பசையால் ஒட்டுவதே நல்லது. வெயிலும் ஈரமும் படாத அலமாரியில், இறுக்கி அடுக்காமல் வைக்க வேண்டும். விரித்தால் முதுகு உடையும் நிலையில் இருந்தால், அகலத் திறந்து ஸ்கேனரில் அழுத்தாமல், பாதி திறந்த நிலையில் மேலிருந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொள்ளலாம்.