‘ரீகண்டிஷன்’ என்று ரசீதில் எழுதும் முன்

மின்சார வசதி இல்லாத இடத்தில் இரும்பு வேலை நடக்க வேண்டுமானால் டீசல் என்ஜின் பொருத்திய வெல்டிங் செட் தேவை. பாலம் கட்டும் இடத்திலும் குழாய் பதிக்கும் இடத்திலும் இதைக் காணலாம். புதிய செட் வாங்கும் வசதி எல்லாப் பட்டறைக்காரருக்கும் இருப்பதில்லை. ஆகவே பழைய செட்டை வாங்கி, சீர்செய்து விற்பதும் வாடகைக்கு விடுவதும் நம் வணிகர் பலருக்குப் பிழைப்பாக உள்ளது.

இத்தொழிலில் ‘ரீகண்டிஷன்’ என்ற ஒரே சொல் பல பொருளில் வழங்குகிறது. ரிங் மாற்றி, வால்வு அரைத்து, பெயிண்ட் அடித்ததும் ரீகண்டிஷன்தான். கடைசி போல்ட் வரை பிரித்து, அளந்து, தேய்ந்ததை எல்லாம் உரிய அளவுக்குக் கொண்டு வந்ததும் ரீகண்டிஷன்தான். விற்கும் நாளில் இரண்டும் ஒன்றுபோலவே ஓடும். ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் கடை வாசலில் வந்து நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். அதை முன்கூட்டியே அறியும் வழிகளை இங்கே பார்ப்போம்.

என்ஜின் தேய்வது எதனால்?

தண்ணீர் இறைக்கும் என்ஜின் மணிக்கணக்கில் ஒரே சுமையில் ஓடும். வெல்டிங் என்ஜினுக்கு அந்த நிம்மதி கிடையாது. ராடு இரும்பைத் தொட்டதும் சுமை ஏறும்; ராடு மாற்றும்போது இறங்கும். ஒவ்வொரு முறையும் கவர்னர் டீசலைக் கூட்டிக் குறைக்க வேண்டும. கவர்னர் இணைப்புகள் தேய்ந்துவிட்டால் வேகம் தடுமாறும். ஆர்க் நிலையாக நிற்காது. வெல்டர் ராடைக் குறை சொல்வார். குறை என்ஜினில் இருக்கும்.

சுமையில்லாமல் வெகுநேரம் ஓடவிடுவதும் கெடுதல். டீசல் முழுதாக எரியாமல் கரி படியும். நாளடைவில் சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகி, எண்ணெய் மேலேறி எரியத் தொடங்கும். இதனுடன் சிமெண்ட் தூசியும் கிரைண்டிங் தூளும் சேர்கின்றன. ஏர் கிளீனரைக் கவனிக்காவிட்டால் இவை உள்ளே போய் உப்புத்தாள்போல் ரிங்கையும் சுவரையும் தேய்த்துவிடும்.

அளந்து பார்ப்பதே வேலை

நமக்குப் பழக்கமான கிர்லோஸ்கர் டிவி1 என்ஜினை உதாரணமாகக் கொள்வோம். ஒற்றை சிலிண்டர், விட்டம் 87.5 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ.; நிமிடத்துக்கு 1500 சுற்றில் 5.2 கிலோவாட், அதாவது சுமார் 7 குதிரைத்திறன் தரும்.

சிலிண்டர் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் எரியும் வாயுவின் அழுத்தம் அதிகம். எண்ணெய்ப் படலம் குறைவு. எனவே தேய்மானம் அங்கேதான் கூடுதல். போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், இடத்துக்கு இரண்டு திசையாக அளக்க வேண்டும். தேய்மானம் என்ஜின் கையேட்டில் சொன்ன எல்லையைத் தாண்டியிருந்தால் லைனரை மாற்ற வேண்டும், அல்லது போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் மட்டும் போட்டால் சில மாதங்களில் பழைய நிலைதான்.

கிராங்க் ஷாப்டுக்கும் இதே கதைதான். மைக்ரோமீட்டரில் அளந்து, தேவையானால் 0.25 அல்லது 0.50 மி.மீ. குறைத்து அரைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். அரைக்கும்போது ஜர்னல் ஓரத்து வளைவைக் கூர் மூலையாக்கி விடக் கூடாது. கிராங்க் முறிவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். நாசிலை டெஸ்டரில் வைத்துப் பார்த்தால் டீசல் பனிபோல் தெளிக்க வேண்டும், சொட்டக் கூடாது.

ஜெனரேட்டர் பக்கம்

என்ஜினைப் பார்ப்பவர்கள் ஜெனரேட்டரை மறந்துவிடுகிறார்கள். மழையில் கிடந்த செட்டின் வைண்டிங்கில் ஈரம் ஏறியிருக்கும். டயோடு போன்றவற்றைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரில் சோதிக்க, குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உலர்த்தி மறுபடி சோதிக்க வேண்டும். டி.சி. ஜெனரேட்டரானால் கம்யூட்டேட்டரையும் கார்பன் பிரஷ்ஷையும் பார்க்க வேண்டும்.

என்ஜினும் ஜெனரேட்டரும் பொருந்துகின்றனவா என்று கணக்குப் போடுவதும் அவசியம். 200 ஆம்பியரில் வெல்டிங் செய்ய சுமார் 28 வோல்ட் வேண்டும். பெருக்கினால் ஆர்க்குக்கு மட்டுமே 5.6 கிலோவாட். ஜெனரேட்டர் இழப்பு இதற்கு மேல். ஆகவே மேலே சொன்ன டிவி1 இதற்குப் போதாது. பெரிய ஜெனரேட்டரில் கைக்குக் கிடைத்த சிறிய என்ஜினைப் பூட்டி விற்பவர்கள் உண்டு, ஏமாற வேண்டாம்.

கொள்முதலின்போது

நாம் போகும் முன்பே என்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆறவிட்டு, நம் கண் முன் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். எண்ணெயை விரலில் தொட்டுப் பார்க்க வேண்டும். புகையையும் சத்தத்தையும் மறைக்கக் கெட்டியான கியர் ஆயில் ஊற்றுவது பழைய தந்திரம். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் மிகைச்சுமை, அடைத்த ஏர் கிளீனர், அல்லது நாசில் கோளாறு. வெறுமனே ஓட்டிப் பார்த்தால் போதாது. ராடு வைத்து அரை மணி நேரம் வெல்டிங் செய்து பார்க்க வேண்டும்.

பழைய செட்டுக்கும் மதிப்பு உண்டு

அமெரிக்காவில் எண்ணெய்க் குழாய் வெல்டர்களிடையே புகழ்பெற்றது லிங்கன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எஸ்.ஏ.200 செட். அதில் காண்டினென்டல் எஃப்162, பின்னர் எஃப்163 என்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின்கள் வந்தன. எஃப்162 என்பது 162 கன அங்குலம், அதாவது சுமார் 2.65 லிட்டர் கொள்ளளவு. பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த அந்த செட்டுகளை இன்றும் புதுப்பித்து வேலை வாங்குகிறார்கள். அவற்றின் உதிரி பாக விற்பனையும் என்ஜின் புதுப்பிப்பும் அங்கே தனி வியாபாரம். முறையாகச் சீர்செய்த பழைய இயந்திரத்துக்கு வாங்குவோர் இருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று.

விற்பவரின் பொறுப்பு

வியாபார நோக்கில் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொது விதி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வெல்டிங் செட் வாங்கும் ஒருவர், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோரே. ரசீதில் பொத்தாம்பொதுவாக ‘ரீகண்டிஷன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் வழக்கு வரும்போது அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நாம்தான் விளக்க வேண்டியிருக்கும்.

ஆகவே செய்த வேலையை விவரமாக எழுதுவதே நலம். சிலிண்டர் அளவு, பிஸ்டன் சைஸ், கிராங்க் அரைத்த அளவு, மாற்றிய பாகங்கள், மெக்கர் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியை நாமும் வைத்துக்கொள்ள வேண்டும். ரிங்கும் வால்வும் மட்டும் பார்த்திருந்தால் அதையே எழுதி, விலையையும் அதற்கேற்பச் சொல்லலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

புது பிஸ்டன் போட்ட என்ஜினை முதல் நாளே முழுச் சுமையில் ஓட்டக் கூடாது என்பதையும், முதல் எண்ணெயைச் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்பதையும், ஏர் கிளீனரைத் தினமும் பார்க்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துக் கொடுக்கலாம். செட் நின்றால் வெல்டருக்கு அன்றைய கூலி போகிறது. அவர் அடுத்த செட்டுக்கும் உதிரி பாகத்துக்கும் நம் கடையையே தேடி வர வேண்டுமானால், நாம் எழுதிக் கொடுத்த அளவு அவருடைய மெக்கானிக் அளக்கும்போதும் சரியாக இருக்க வேண்டும்.