தாத்தா நேதாஜி படையில் இருந்தாரா? தேடுவது எப்படி?

‘தாத்தா சிங்கப்பூர்ல நேதாஜி பட்டாளத்துல இருந்தவரு’ என்ற பேச்சு உங்கள் வீட்டில் உண்டா? அதற்குச் சான்று தேடும் அரக்கோணத்துக்காரர் முதலில் மாவட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். ராணிப்பேட்டை மாவட்டம் உருவானது 2019-ல். 1940-களில் அரக்கோணம் இருந்தது வட ஆற்காட்டில். ஆங்கிலத் தாள்களில் ஊர்ப் பெயர் ‘ஆர்கோணம்’ என்றும் இருக்கும். பக்கத்துத் திருத்தணியோ 1960 வரை சித்தூர் மாவட்டம், பிறகு செங்கல்பட்டு, இப்போது திருவள்ளூர். எந்த ஆண்டுத் தாளோ, அந்த ஆண்டின் மாவட்டத்தில்தான் தேட வேண்டும்.

சிப்பாயா, தோட்டத் தொழிலாளியா?

இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆட்கள் இரு வழிகளில் வந்தார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது பிடிபட்ட பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தினர் ஒரு சாரார். 1943 ஜூலையில் நேதாஜி தலைமையேற்றபின் மலாயாவிலும் பர்மாவிலும் சேர்ந்த பொதுமக்கள் மறுசாரார். அவர்களில் ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். முந்தையவருக்குப் பழைய ராணுவ எண் இருக்கும். அதைக் கொண்டு அவரது படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் விசாரிக்கலாம். தோட்டத்திலிருந்து போனவருக்கு அந்த வழி இல்லை.

டெல்லியில் என்ன கிடைக்கும்?

பாதுகாப்பு அமைச்சகம் 1997-ல் இந்தப் படை தொடர்பான 990 கோப்புகளை டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தது. காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் கோப்புத் தலைப்புகளைத் தேடலாம். ஆனால் ஆளுக்கொரு கோப்பு இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் பிடிபட்டவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்றாகப் பிரித்தார்கள். தாத்தாவைக் ‘கறுப்பு’ என்று குறித்திருந்தால் அது குற்றப் பதிவு என்று மிரள வேண்டாம். நேதாஜி பக்கம் உறுதியாக நின்றவர் என்பதே அதன் பொருள்.

ஓய்வூதியக் கோப்பு

அதிகம் சொல்லக்கூடியது இதுதான். 1972 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியம் தந்தது. சிறைப்பட்ட இந்திய தேசிய ராணுவத்தினரும் அதற்குத் தகுதி பெற்றார்கள். சிறைச் சான்று கிடைக்காதவர்கள், உடன் சிறையிருந்தவர்களிடம் சான்று வாங்கி இணைத்தார்கள். எனவே பிரிவு, முகாம், சொந்த ஊர், கூட்டாளிகள் பெயர் எல்லாம் ஒரே கட்டில் சிக்கலாம். வீட்டில் ஓய்வூதிய ஆணையோ தாமிரப் பட்டயமோ இருந்தால் அதன் நகலுடன் ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

தாத்தா விண்ணப்பிக்கவே இல்லையா? அவரோடு இருந்தவர்களின் பெயர்களைப் பாட்டியிடமும் பெரியப்பாவிடமும் கேட்டு எழுதிவையுங்கள். தனக்கென்று எதுவும் கேட்காதவர், இன்னொருவர் கோப்பில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்க வாய்ப்புண்டு.