கடல் தண்ணீர் காயத்துக்கு மருந்தல்ல

மும்பை சசூன் டாக்கில் மீன் கூடை தூக்கும்போது இறால் முள் விரலில் குத்துகிறது. ஞாயிறு மாலை ஜூஹு கடற்கரையில் கிளிஞ்சல் காலைக் கிழிக்கிறது. உடனே நம்மவர் செய்வது என்ன? "உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும்" என்று கடல் நீரிலேயே கழுவிக்கொள்வார்கள். இது தவறு.

வெதுவெதுப்பான கடல் நீரிலும் கழிமுகங்களிலும் 'விப்ரியோ வல்னிஃபிகஸ்' என்ற கிருமி வாழ்கிறது. காலராக் கிருமியின் இனம் இது. எல்லோரையும் இது வீழ்த்துவதில்லை. ஆனால் கல்லீரல் நோயாளிகளுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் சிறு கீறலே ஆபத்தாகலாம். இந்நோய் கண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் இறக்கின்றனர். சிலர் ஓரிரு நாளிலேயே.

காயம் பட்டதும் சோப்புப் போட்டு, நல்ல குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். காப்பித்தூள், பீடிச் சாம்பல், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் கட்டுங்கள். ஆறும்வரை கடலில் இறங்காதீர்கள். வேலையை விட முடியாதவர்கள் தண்ணீர் புகாத பிளாஸ்திரியும் ரப்பர் கையுறையும் அணியட்டும்.

காயம் சிவந்து வீங்கினாலோ, வலி ஏறினாலோ, கொப்புளமோ காய்ச்சலோ கண்டாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய், "காயத்தில் கடல் தண்ணீர் பட்டது" என்று முதலில் சொல்லுங்கள். சரியான மருந்தைத் தொடங்க அது டாக்டருக்கு உதவும். போன கூலியை மறுநாள் சம்பாதிக்கலாம். போன கையைச் சம்பாதிக்க முடியாது.