கேலிக்கு ஓர் எண்

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் ரசிகர்களும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகர்களும் பரம வைரிகள். 1918-இல் வேர்ல்டு சீரிஸ் கோப்பையை வென்ற பாஸ்டன், பின்னர் பேப் ரூத் என்ற மாவீரரை நியூயார்க்குக்கு விற்றுவிட்டது. அதன்பின் கோப்பை கிட்டவேயில்லை! பாஸ்டன் அணி நியூயார்க் வந்தால், “1918! 1918!” என்று கூட்டம் முழங்கும். வசையில்லை, வெறும் ஆண்டுதான். எதிரியின் வரலாற்றை அறிந்தவனுக்கே இந்தக் கேலி வரும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். பிறந்த ஊரையும் பேச்சையும் சொல்லிக் கேலி செய்தால் அதற்கு விடை ஏது, நண்பர்களே? தோல்வியைச் சொன்னால் அடுத்த ஆட்டத்தில் விடை சொல்லலாம். 2004-இல் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்ற பாஸ்டன், அடுத்த நான்கையும் வென்றது, கோப்பையையும் கொண்டுபோயிற்று. 86 ஆண்டுக் கேலி அன்றோடு செல்லாக்காசு!