குன்றா, கோயிலா?

ஒரு தேசத்தின் அடையாளமாக நிற்கத் தக்கது எது? இயற்கை அளித்த மலையும் நதியுமா, மனிதன் எழுப்பிய கோயிலும் கோட்டையுமா? இக்கேள்வி நம்மவரிடையே அடிக்கடி எழுகிறது. இரு கட்சியாரும் தத்தம் வாதத்துக்குச் சான்று காட்டத் தவறுவதில்லை. நமது தேசிய கீதத்தில் விந்தியமும் இமயமும் யமுனையும் கங்கையும் பெயர் பெறுகின்றன. ஒரு கோயிலேனும் கோட்டையேனும் அதில் இல்லை. ஆனால், 1950 ஜனவரி 26-ஆம் தேதி நாம் ராஜ்ய முத்திரையாக ஏற்றதோ, அசோகன் சாரநாத்தில் நிறுத்திய தூணின் சிங்கத் தலைச் சிற்பம். தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் விளங்குவதும் கோபுரமே. பாடும்போது மலையையும், முத்திரையிடும்போது சிற்பத்தையும் நாடுகிற நாம், எது பெரிதென்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் செங்கற்பட்டு ஜில்லாவையும் மாமல்லைக் கடற்கரையையும் ஒருமுறை சுற்றி வருவது நலம்.

மாமல்லபுரத்தில் சரிவான பாறையொன்றின் மேல் உருண்டைக் கல்லொன்று, இதோ உருண்டுவிடும் என்று காண்போர் அஞ்சும்படி, உருளாது நிற்கிறது. ஏறக்குறைய 20 அடி உயரமுள்ளது. 250 டன் எடை இருக்குமென்று மதிப்பிடுவர். அதற்கு அந்த இடத்தையும் வடிவத்தையும் தந்தது இயற்கை. ஆயினும், ஜனங்கள் அதைக் கண்ணன் திருடிய வெண்ணெய் உருண்டையாகக் கண்டு, அப்பெயரையே இட்டு அழைக்கிறார்கள். 2019 அக்டோபர் 11-ஆம் தேதி நமது பிரதம மந்திரியும் சீன ஜனாதிபதியும் மாமல்லையில் சந்தித்தபோது, கைகோத்து உயர்த்திப் படமெடுத்துக்கொண்டது இக்கல்லின் முன்னிலையில்தான்.

அதற்குச் சிறிது தூரத்தில், 90 அடிக்கு மேல் நீளமுள்ள பாறை முகத்தில் பல்லவச் சிற்பிகள் தேவரையும் முனிவரையும் யானைகளையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அர்ச்சுனன் தபசு என்பர் சிலர். பகீரதன் கங்கையைக் கொணர்ந்த கதை என்பர் வேறு சிலர். அப்பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த பிளவொன்று உண்டு. வேறொரு சிற்பி அதைக் குறையென்று கருதி, வேறு பாறை தேடிச் சென்றிருப்பான். நம் சிற்பி அப்பிளவையே நதியாக்கினான். அதிலே நாகர்களை நீந்தவிட்டான். உளிபடாத கல் புராணக் கதையைச் சுமந்து நிற்கிறது. உளிபட்ட பாறையோ இயற்கை இட்ட பிளவினால் உயிர் பெற்று நிற்கிறது. இவற்றில் எதை இயற்கையின் கணக்கில் எழுதுவது, எதை மனிதனின் கணக்கில் எழுதுவது?

கடற்கரைக் கோயிலைக் காண்போம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கல்லடுக்கிக் கட்டிய ஆலயம் அது. உப்புக்காற்று அதன் சிற்பங்களின் முகங்களை அரித்துவிட்டது. கடலோரத்தில் பாறைகளை இட்டும், சவுக்கு மரங்களை வளர்த்தும் அதைக் காக்க வேண்டியதாயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, கடல் அழிவை மட்டும் கொண்டு வரவில்லை. மணலை வாரிச் சென்று, மறைந்திருந்த கற்களைக் காட்டியும் போயிற்று. அதனையடுத்து நடந்த அகழ்வில் சாளுவன்குப்பத்தில் செங்கல்லாலான பழைய முருகன் கோயிலொன்று வெளிப்பட்டது. மறைத்ததும் மணல், காத்ததும் மணல்.

கடற்கரையை விட்டு உள்நாட்டில் வேடந்தாங்கலுக்குச் செல்வோம். அங்கே கோபுரமில்லை, குன்றுமில்லை. உழவர் வெட்டிக் கரை கட்டிய ஏரியும், நீரில் நிற்கும் கடம்ப மரங்களும், பருவந்தோறும் வந்து கூடுகட்டும் பறவைகளுமே உண்டு. கம்பெனியார் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டனர். கிராமத்தார் முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமைப் பத்திரம் பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாயிற்று. கிராமமும் தன் பங்குக்குத் தீபாவளியிலும் வெடி வெடிப்பதைத் தவிர்த்து வந்திருக்கிறது. 2022-இல் அந்த ஏரி ராம்சார் உடன்படிக்கையின் சர்வதேசப் பட்டியலில் சேர்ந்தது. ஏரி மனிதன் வெட்டியது. பறவை இயற்கை அனுப்பியது. அடையாளமாக்கியதோ கிராமத்தார் மேற்கொண்ட விரதம்.

நமது முடிவு இதிலிருந்தே பிறக்கிறது. மலையானாலும் மண்டபமானாலும், ஜனங்கள் அதன்மேல் அன்பு வைத்து, அதைக் காப்பதற்காகத் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்ட அன்றுதான் அது தேசத்தின் அடையாளமாகிறது. உலகமும் மெல்ல மெல்ல இதை உணர்ந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் உலுரு என்னும் செம்பாறை 1987-இல் இயற்கைச் செல்வமென்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அது ஆதிக்குடிகளின் புண்ணிய பூமி என்பதை ஏற்று, 1994-இல் பண்பாட்டுச் செல்வமென்றும் சேர்த்தார்கள். 2019 அக்டோபரில் அதன்மேல் ஏறுவதும் நிறுத்தப்பட்டது. ஜப்பானியரின் பூஜி மலையோ எரிமலை. ஆயினும் 2013-இல் பட்டியலில் அது ஏறியது பண்பாட்டுச் செல்வம் என்ற பெயரில்தான்.

நமது சட்டமோ இன்னும் குன்றையும் கோயிலையும் வேறு வேறாகவே காண்கிறது. 1904-லேயே புராதனச் சின்னங்களுக்குச் சட்டம் வந்தது. குடியரசின் அரசியல் சாசனம் தன் 49-ஆம் விதியில், கலைச் சிறப்பும் சரித்திரச் சிறப்பும் உள்ள சின்னங்களைக் காக்கும் கடமையைத் தொடக்கத்திலேயே ராஜ்யத்தின்மேல் வைத்தது. 1958-ஆம் வருஷத்துச் சட்டமும் 2010-ஆம் வருஷத்துத் திருத்தமும், மத்திய சர்க்காரின் காவலிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்தைத் தடுத்து, அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு விதிக்கின்றன. இவை நல்ல ஏற்பாடுகளே. இயற்கைச் சூழலைக் காக்கும் கடமையோ 1976-ஆம் வருஷத்துத் திருத்தத்தில்தான் சாசனத்தில் இடம் பெற்றது. பிரஜையின் கடமையைக் கூறும் அவ்விதியில் காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவை பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன, குன்று குறிக்கப்படவில்லை. இயற்கைச் சூழல் என்ற பொதுச்சொல்லில் குன்றும் அடங்குமென்று வாதிக்கலாம். நாமும் அவ்வாறே வாதிப்போம். ஆனால், நடைமுறை என்ன? ரெவின்யூ கணக்கில் அது கல்லாங்குத்துப் புறம்போக்கு. கனிமச் சட்டத்தில் அது சிறு கனிமம். உளிபட்ட பாறைக்கு வேலியும் காவலாளும். உளிபடாத பாறைக்குக் குத்தகையும் வெடிமருந்தும்.

இதன் பலனைக் காண விரும்புவோர் பல்லாவரத்துக்குப் போகட்டும். 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆராய்ச்சியாளர் அங்கே ஒரு சரளைக் குழியில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தார். பாரத நாட்டின் பழைய கற்காலம் உலகுக்குத் தெரிய வந்தது அன்றுதான். மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலும் அவ்வூரிலேயே இருக்கிறது. இன்று அது முஸ்லிம் சகோதரர்கள் தொழும் தர்கா. அப்பக்கத்துக் குன்றுகளின் கல், ஏறக்குறைய 250 கோடி வருஷப் பழமையுடையது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு 1893-இல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்னும் கம்பெனி உத்தியோகஸ்தரின் சமாதிக்கு வைத்த கல் அவ்வினத்தது என்பதே காரணம். நம் மண்ணின் கல், கம்பெனிக்காரர் ஒருவரின் சமாதியால் பெயர் பெற்றது! பரங்கிமலையில் அதனைத் தேசியப் புவியியல் சின்னமென்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அதே இனத்துப் பல்லாவரம், திரிசூலம் குன்றுகளோ பல காலம் உடைபட்டு ஜல்லியாகிச் சாலைகளுக்கும் வீடுகளுக்கும் அடியில் கிடக்கின்றன. குன்றுகள் இருந்த இடத்தில் இன்று எஞ்சியிருப்பவை நீர் தேங்கிய பள்ளங்களே.

ஜல்லியின்றி வீடு எப்படி எழும், சாலை எப்படி அமையும், கல்லுடைக்கும் ஏழைக்குக் கூலி எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வியே. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில், கைவிடப்பட்ட கல் குவாரிகளில் நின்ற நீர்தான் 2017-ஆம் வருஷத்து வறட்சியில் சென்னையின் தாகத்தைச் சிறிதளவேனும் தணித்தது என்பதையும் நாம் மறைக்கவில்லை. கல்லே உடைக்கலாகாது என்பது நமது கட்சியன்று. எக்குன்றை உடைக்கலாம், எக்குன்றைத் தொடலாகாது என்று ஊரார் கூடி முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நமது கோரிக்கை. இடிந்த மண்டபத்தை அதன் கற்களைக் கொண்டே ஒருவாறு அடுக்கி நிறுத்தலாம். உடைந்த குன்றை நிறுத்தும் ஸ்தபதி இதுவரை பிறக்கவில்லை.

இது நடவாத காரியமென்று சோர்வடைவோருக்கு, மதுரைச் சீமையின் அரிட்டாபட்டியை நினைவூட்டுகிறோம். அங்குள்ள குன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தும், சமணச் சிற்பமும், பாண்டியர் காலக் குடைவரையும், அரிய பறவைகளும் ஒருங்கே இருக்கின்றன. 2022-இல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமென்று அறிவிக்கப்பட்டது. ஆயினும், 2024-இல் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போயிற்று. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் செய்தன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டசபையும் தீர்மானித்தது. 2025 ஜனவரியில் விவசாயிகள் திரளாக மதுரை நோக்கிச் சென்றனர். அம்மாதமே மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்துச் செய்தது. அம்மக்கள் தம் குன்று இயற்கையா செயற்கையா என்று விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. அது தங்களுடையது என்று அறிந்திருந்தார்கள்.

செங்கற்பட்டு ஜில்லாவின் பொதுப்பணியாளருக்கு நாம் சொல்வது இதுதான். உங்கள் தாலுக்காவில் எஞ்சியுள்ள குன்றுகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றின் பெயரையும், சுனையையும், குகையையும், ஊரார் சொல்லும் கதையையும், சர்வே எண்ணையும் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அப்பட்டியலை வைத்துத் தீர்மானம் செய்து கலெக்டருக்கு அனுப்புங்கள். வேடந்தாங்கல் உழவர்கள் 1798-இல், அந்நிய ஆட்சியின்கீழ், பறவைகளுக்காக ஒரு பத்திரம் பெற்றார்கள். சுயராஜ்யத்தில், வாக்குரிமை பெற்ற நாம், குன்றுகளுக்காக ஒரு பத்திரம் பெற முடியாதா? மாமல்லையின் சிற்பிகள் தொடாமல் விட்டுச்சென்ற பாறைகளும் அவர்கள் நமக்கு வைத்த ஆஸ்தியே. அதை ஜல்லியாக்கி விற்கும் உரிமையை அவர்கள் நமக்கு எழுதித் தரவில்லை.