பிறக்கப்போகும் குழந்தைக்குச் சேர்த்து வைக்கும் பொம்மைகள்

சீமந்தத்தில் வந்த பரிசு

வளைகாப்பும் சீமந்தமும் முடிந்த வீடுகளில், இன்னும் முகம் காணாத சிசுவின்மேல் கொண்ட பிரியத்தால் அலமாரி நிறையப் பொம்மைகளைச் சேர்த்து வைக்கும் வழக்கம் பெருகிவருவதையும், அந்த அலமாரியின் வஸ்துக்களாலேயே சில குழந்தைகள் என்னிடம் தூக்கிக்கொண்டு வரப்படுவதையும் காணும்போது மனம் பதைக்கிறது. சென்ற மாதம் வந்த பத்து மாதக் குழந்தைக்கு வாயோரம் எச்சில் நூலாக வடிந்துகொண்டிருந்தது, பால் இறங்கவில்லை. சீமந்தத்தன்று யாரோ கொடுத்த பாட்டுப் பொம்மையின் பின்மூடி கழன்று, உள்ளே இருந்த பட்டன் பேட்டரியை முந்தின நாள் மாலையே அது விழுங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் தெரிந்தது.

வாழைப்பழ வைத்தியம்

"வாழைப்பழம் கொடுத்தோம் டாக்டர், காலையில் வெளிக்குப் போகையில் வந்துவிடும் என்று அத்தை சொன்னார்கள்" என்றாள் தாய். காசானாலும் கோலியானாலும் பேட்டரியானாலும் வாழைப்பழத்தையும் சோற்றுருண்டையையும் திணிப்பதும், உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வதும், தொண்டைக்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவுவதும் எத்தனை முறை சொன்னாலும் நிற்கவில்லையே! உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி, அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரத்தை உண்டாக்கி, 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை வேகச் செய்துவிடும். வாயில் எதையும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவதுதான் வைத்தியம். இரண்டு காந்தத் துண்டுகளை விழுங்கினாலோ, அவை குடலின் இரு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, இடைப்பட்ட சுவரைத் துளைத்துவிடும்.

மெத்தென்றிருக்கும் பஞ்சுப் பொம்மை தீங்கற்றது என்று நம்பித் தொட்டிலில் போடுகிறார்கள். அது மூக்கை மூடி மூச்சை நிறுத்தக்கூடுமாதலால், முதல் ஓராண்டு தொட்டிலில் வைக்கலாகாது. சக்கர வாக்கரில் உட்கார வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பது மற்றொரு பிரமை; கனடா தேசத்தில் 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள்.

வாங்குவதானால்

ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் பொம்மைகளுக்கு அது கட்டாயம். சுமார் 3 சென்டிமீட்டர் அகலக் குழலுக்குள் புகக்கூடிய எந்தத் துண்டும் மூன்று வயது வரை ஆகாது. பனையோலைக் கிலுகிலுப்பை அழகானதுதான். ஆயினும் உள்ளே கல்லோ விதையோ இருப்பதால், அதை உங்கள் கையில் வைத்தே ஆட்டிக் காட்டுங்கள், குழந்தை கடிக்கக் கொடாதீர்கள்.

பிறந்த சிசுவுக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் வரைதான். மடியில் கிடந்து பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. ஆகையால் முதல் மாதங்களில் பொம்மையைவிட முகமே போதும்.

புத்தகம்

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேட்ட தாயின் குரலைப் பிறந்த சிசு இனங்கண்டுகொள்ளும். ஆகவே கதைப் புத்தகத்தை இப்போதே உரக்க வாசிக்கத் தொடங்கலாம். குழந்தைக்கென்று வாங்குவது கெட்டி அட்டையும் மழுங்கிய முனையும் கறுப்பு வெள்ளைப் பெரிய படங்களும் உள்ளதாக இருக்கட்டும். அது படிக்குமுன் கடிக்கும். கைப்பேசிப் படம் இதற்கு ஈடாகாது.

ஒரு வேண்டுகோள்

தாய்மார்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பிரசவத்துக்குப் பெட்டி கட்டுமுன் அந்த அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு பொம்மையையும் குப்புறப் புரட்டி, பின்மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையானால், கொடுத்தவர் மனம் நோகுமே என்று தயங்காமல் இன்றே அகற்றிவிடுங்கள்.